சோக் பலிக்கவில்லையா? கையைப் பிடியுங்கள்

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பயிற்சியில், மல்லாந்து கிடக்கும் எதிராளியின் மேல் மவுண்ட்டில் உட்கார்ந்து கிராஸ் காலர் சோக் (கைகளைக் குறுக்காக வைத்து அவர் சட்டைக் காலரைப் பிடித்துக் கழுத்தை நெருக்குவது) போடுகிறீர்கள். அவர் இரண்டு கையாலும் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளுகிறார். பலரும் இந்த இடத்தில் இன்னும் இறுக்கி, முன்கை சோர்ந்து, கடைசியில் பிடியையும் விட்டுவிடுகிறார்கள். தேவையே இல்லை. கழுத்தைக் காக்கக் கை மேலே வந்தால் முழங்கை விலாவை விட்டு விலகும். அதுதான் ஆர்ம்பாருக்கான, அதாவது கையை நீட்டி முழங்கையை மடக்கும் திசைக்கு எதிராக அழுத்தும் பிடிக்கான, வாசல்.

காலர் பிடியை மட்டும் உடனே விடாதீர்கள். சோக் பயம் இருக்கும்வரை அவர் கையை இறக்க மாட்டார். விலகிய கையை உங்கள் மற்றக் கையால் மார்போடு அணைத்து, அந்தப் பக்கத்து முழங்காலை அவர் தலையருகே நகர்த்துங்கள். எடை முழுதும் அவர் நெஞ்சில் இருக்கட்டும். அவசரப்பட்டுப் பின்னால் சாய்ந்தால் அவர் எழுந்துவிடுவார். அப்புறம் அதே காலை முகத்துக்கு மேலாகப் போட்டு, இடுப்பைத் தோளோடு ஒட்டி, முழங்கால்களை நெருக்கிய பிறகே சாயுங்கள். அவர் கட்டைவிரல் மேலே பார்க்க, இடுப்பை மெதுவாக உயர்த்தினால் போதும்.

சாய்வதற்கு முன்பே உஷாராகி முழங்கையைக் கீழே இழுத்துக்கொண்டாரா? சரி, கழுத்து மறுபடி திறந்துவிட்டது, சோக்குக்கே திரும்புங்கள். மவுண்ட்டிலிருந்து கிராஸ் சோக்குக்குப் பேர்போன ஜியு-ஜிட்சு வீரர் ரோஜர் கிரேசியின் பழைய போட்டிகளைப் பாருங்கள், அவசரமே இருக்காது. பயிற்சியில் டேப் (தோற்றதாக ஒப்புக்கொண்டு எதிராளி தட்டுவது) வந்ததும் உடனே விட்டுவிடுங்கள்.