மீனுக்காக ஏரியோர மரத்தை வெட்டுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீரில் விழுந்து கிடக்கும் மரம் மீனுக்கு வீடு என்பது உண்மை. விழுந்த சில வாரத்தில் பட்டையிலும் கிளையிலும் வழுவழுவென்று பாசி படியும், அதைத் தின்னப் பூச்சிப் புழுக்கள் வரும், அவற்றைத் தின்னக் குஞ்சு மீன்கள் வரும், கொக்கும் நீர்க்காகமும் துரத்தினால் அந்தக் குஞ்சுகள் கிளை இடுக்கில் புகுந்து தப்பிக்கும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரை வீட்டுக்காரர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து முழு மரங்களை இப்படித் தண்ணீரில் கிடத்துகிறார்கள். அந்தப் படங்களையும் வீடியோக்களையும் பார்த்துவிட்டுச் சேலத்திலும் சில இளைஞர் குழுக்கள் நாமும் இப்படிச் செய்யலாமா என்று ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஆர்வம் நல்லது, ஆனால் அங்கே செய்வதை அப்படியே இங்கே செய்தால் மீனுக்கும் ஏரிக்கும் கெடுதல்தான் வரும்.

முதல் தவறு, தண்ணீரை ஒட்டி நிற்கும் மரத்திலேயே ரம்பத்தை வைப்பது. விஸ்கான்சினிலேயே நீர் விளிம்பு மரங்களை விட்டுவிட்டு, உள்ளே தள்ளி நிற்கும் மரங்களைத்தான் வெட்டி இழுத்து வருகிறார்கள். காரணம் எளிது. கரையோரம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நிற்கும் நாவலோ நீர்மருதோ இப்போதே நிழல் தருகிறது, இலையும் பூச்சியும் உதிர்க்கிறது, வேரிடுக்கில் மீனுக்கு இடம் கொடுக்கிறது. என்றைக்காவது அதுவே விழும், அன்றைக்கு நமக்கு ஒரு செலவும் இல்லாமல் மீனுக்கு வீடு கிடைக்கும். அந்த மரத்தை இன்றைக்கே வெட்டினால் இத்தனையையும் இழந்துவிட்டு ஒரு கட்டையை மட்டும் பெறுகிறோம்.

ஏரிக்கரை மரம் என்றால் இன்னும் மோசம். நம்முடைய ஏரிகள் பெரும்பாலும் மண்கரை கட்டித் தேக்கியவை. கரையில் நிற்கும் பெரிய மரத்தை வெட்டினால் உள்ளே இருக்கும் வேர் செத்து மக்கும், அது இருந்த இடம் எலி வளை மாதிரி பொந்தாகும், ஏரி நிரம்பும் வருடம் அந்தப் பொந்து வழியாகத் தண்ணீர் கசியும், கசிவு பெருத்தால் கரை உடையும். ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கினால் அந்த ஆபத்து உடனே வந்து நிற்கிறது. கரை மேல் இருக்கும் மரத்தைத் தன்னார்வலர்கள் தொடவே கூடாது, எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும்.

அப்புறம் அனுமதி. ஏரி நீர்வளத்துறையுடையதாக இருக்கலாம், ஊராட்சியுடையதாகவோ மாநகராட்சியுடையதாகவோ இருக்கலாம், மரம் எப்படியும் உங்களுடையது இல்லை. ஏற்காட்டில் கூடுதல் கவனம் வேண்டும். மலைப்பகுதி மரங்களைக் காப்பதற்கென்றே 1955-ல் வந்த சட்டம் இருக்கிறது, அங்கே சொந்தத் தோட்டத்து மரத்துக்கே கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். படகு ஓடும் ஏரியில், படகு போகிற பக்கம் மரத்தைப் போடும் யோசனையே வேண்டாம்.

இதெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும். பலரும் கோட்டை விடுவது மீன் குத்தகைக்காரர் விஷயத்தில்தான். நம் பக்கம் பெரும்பாலான ஏரிகளில் மீன் பாசி குத்தகை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, விடுவார்கள், எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு, தண்ணீர் வற்றும்போது பெரிய வலையை இழுத்து மீன் பிடிப்பார். சேலத்தை ஒட்டிய ஓர் ஏரியில் நாங்கள் நாலைந்து பேர் யாரையும் கேட்காமல் முள்மரக் கிளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டோம். நாலு மாதம் கழித்து வலை போட்டவர் கிழிந்த வலையைக் கரையில் விரித்துக் காட்டினார். "ஏன் தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எந்த மூலைன்னு நானே காட்டியிருப்பேனே" என்றார். கோபப்படாமல் அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. திருட்டு வலைக்குத் தடையாகக் குளத்தில் முள் போடுவது மீன் வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வழி. வலை இழுக்காத மூலை எது, ஆழம் எங்கே என்று அவர்களிடம் கேட்டுச் செய்தால் வலைக்கும் கேடில்லை, மீனுக்கும் இடம் கிடைக்கும்.

எந்த மீனுக்காக என்பதையும் யோசியுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை, தேங்கிய ஏரியில் மரம் போட்டதால் அவை பெருகிவிடாது. விரால் அப்படியில்லை, ஓரத்துச் செடி கொடிக்குள் கூடு கட்டி, குஞ்சுகளைப் பெற்றோர் மீன்கள் கூடவே இருந்து காக்கும். அதற்கு மரத்தைவிடக் கோரையும் ஓரத்துப் புல்லும் முக்கியம். ஏரியை 'சுத்தம்' செய்கிறோம் என்று அதையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு நடுவில் ஒரு மரத்தைப் போடுவதில் பயனில்லை.

எந்த மரம்? சீமைக்கருவேலம் இருக்கும்போது வேறு மரத்தைத் தேட வேண்டியதில்லை. ஒரு காலத்தில் சேலத்துக்குக் குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரிக்குள்ளேயே அது காடாக மண்டியது. வெட்ட வேண்டிய மரம், கனமானது, பச்சையாக இருக்கும்போது மிதப்பதும் குறைவு. ஆனால் காய்களை உதிர்த்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் விதையையும் நாமே பரப்பியவர்கள் ஆவோம். திருகுகள்ளி, மருக்காரை பக்கமே போகாதீர்கள், அந்தக் கள்ளிப் பாலும் மருக்காரைக் காயும் மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்டவை. எந்த மரமானாலும் பச்சை இலையோடு மொத்தமாகத் தள்ளக் கூடாது. இலை அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், சின்ன ஏரியில் தண்ணீர் குறைந்த நேரம் என்றால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். வெட்டியதை ஒரு வாரம் கரையில் போட்டு, இலை உதிர்ந்த பிறகு இறக்குங்கள்.

காலமும் முக்கியம். விஸ்கான்சினில் குளிர்காலத்தில் ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டி மேல் மரத்தை இழுத்துப் போய் வைத்து, கரையோடு கம்பிவடத்தால் கட்டிவிடுகிறார்கள், பனி உருகும்போது மரம் தண்ணீரில் இறங்கிவிடும். நமக்கு அதற்கு ஈடானது காய்ந்த ஏரி. ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் உள்வாங்கிய தரையில் நடந்து போய்க் கட்டைகளை அடுக்கி, கல் கட்டி, முளையடித்துக் கம்பிவடத்தால் இறுக்கிவிட்டால் மழைத் தண்ணீர் தானாக மேலே ஏறும். நைலான் கயிறு வேண்டாம், இற்றுப்போய்ப் பறவைக் காலில் சுற்றும். கட்டாமல் விட்ட கட்டை முதல் வெள்ளத்தில் மிதந்து போய் மதகிலோ, உபரி நீர் வழியும் கோடியிலோ அடைத்துக்கொள்ளும், அது ஊருக்கே ஆபத்து. மழைக்காலத்திலும் அதன் பின்னும் மரத்தில் கூடு இருக்கலாம், வெட்டுவதற்கு முன் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். சேலம் மூக்கனேரியில் 2010 வாக்கில் தன்னார்வலர்கள் மண்ணைக் குவித்துத் திட்டு அமைத்து மரம் நட்டார்கள், அங்கே பறவைகள் வந்தது மரம் நின்றதால்தான்.

ரம்பம் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும், சாய்ந்த மரம் பாதி அறுக்கும்போதே நெடுக்காகப் பிளந்து எகிறி அறுப்பவர் மேலேயே அடிக்கலாம்.

வேலை முடிந்ததும் கட்டை இருக்கும் இடத்தின் நான்கு மூலையிலும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு வலை வீசுபவருக்கும் குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கும் அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.