பக்கத்துக் கோடு தூரத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்

லேசர் பூட்டு நழுவுவது, அறை விளக்கை அணைக்காமல் ஃபோட்டான் எண்ணுவது எல்லாம் ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். அணுக்களின் நிறமாலைக் கோடுகளை லேசரால் அளக்கும்போது, பக்கத்துக் கோட்டின் குறுக்கீட்டைக் கணக்கில் எடுக்காமல் நாங்கள் ஒரு காலத்தில் அடித்த கூத்தையே புதிதாக வருபவர்களும் அடிக்கிறார்களே, அதைப் பற்றித்தான் இது.

லாரன்சியன்களைக் கூட்டி ஃபிட் செய்வது

ஒவ்வொரு கோட்டுக்கும் லாரன்சியன் என்ற மணி வடிவ வளைவு ஒன்றைப் போட்டு, அவற்றை வெறுமனே கூட்டி அளவீட்டோடு பொருத்துவது: இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். "பக்கத்து ஒத்ததிர்வு (அதாவது பக்கத்துக் கோடு) நூறு கோட்டகலம் தள்ளி இருக்கிறது, அது என்ன செய்துவிடும்?" என்பார்கள். ஒரே தொடக்க நிலையிலிருந்து ஒரே இறுதி நிலைக்கு அணு இரண்டு வழியாகப் போக முடிந்தால், முதலில் கூட்ட வேண்டியது அந்த வழிகளின் குவாண்டம் வீச்சுகளை. வர்க்கப்படுத்தி நிகழ்தகவு காண்பது அப்புறம். அதில் வரும் குறுக்கு உறுப்பு கோட்டை லேசாகச் சாய்த்துவிடும். கோட்டின் மையம் எவ்வளவு நகரலாம் என்று பார்க்க, கோட்டகலத்தின் வர்க்கத்தை இடைவெளியால் வகுங்கள். ஹைட்ரஜனின் 2எஸ்–4பி மாற்றத்தில் கோட்டகலம் 12.9 மெகாஹெர்ட்ஸ், இரண்டு 4பி நிலைகளுக்கும் இடைவெளி சுமார் 1.37 ஜிகாஹெர்ட்ஸ். விடை நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. டிடெக்டர் அமைப்பைப் பொறுத்து அதில் ஒரு பங்குதான் வரும். ஆனால் புரோட்டானின் ஆரம் எவ்வளவு என்பதில் அளவீடுகள் ஒத்துப்போகாத சர்ச்சையே அந்தக் கோட்டில் சுமார் 9 கிலோஹெர்ட்ஸ்தான்!

ஃபிட் அழகாக உட்காரும், எச்சத்திலும் (அளவீட்டுக்கும் ஃபிட்டுக்கும் உள்ள வித்தியாசத்திலும்) ஒன்றும் தெரியாது. சாய்வு முழுவதையும் கோட்டின் மையம் விழுங்கிவிடும். ஒரு மாணவர் சிக்னல் கூடட்டும் என்று ஃபோட்டோமல்டிபிளையரை (ஒளியைப் பிடிக்கும் டிடெக்டரை) வேறு பக்கம் மாற்றி வைத்தார். மையம் நகர்ந்தது. காந்தப்புலம்தான் காரணம் என்று வாரக்கணக்கில் சுருள்களோடு மல்லுக்கட்டினார். எல்லாத் திசை ஒளியையும் சேர்த்துப் பிடித்தால் குறுக்கு உறுப்பு அடிபட்டுப் போகும். டிடெக்டர் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பதால்தான் இந்த வம்பு.

2017இல் ஜெர்மனியின் கார்ஷிங் மாக்ஸ் பிளாங்க் குழு லேசரின் போலரைசேஷனை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, திருப்பித் திருப்பி அளந்து, சாய்வையும் ஃபிட்டில் சேர்த்தது. புரோட்டானின் ஆரம் 0.8335 ஃபெம்டோமீட்டர் என்று வந்தது.

54.7 டிகிரியில் வைத்தால் போதும் என்பது

நேர்கோட்டுப் போலரைசேஷனுக்கும் டிடெக்டர் திசைக்கும் இடையே இந்தக் கோணம் இருந்தால் நகர்வு அடங்கும், உண்மைதான். ஆனால் அறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் ஒளி அந்தக் கோணத்திலா வருகிறது? போலரைசேஷனைத் திருப்பி அளந்தே பாருங்கள்.

லித்தியத்தையும் அப்படியே நடத்துவது

லித்தியத்தின் டி2 என்ற கோட்டில் மீநுண் இடைவெளிகள் (அணுக்கருவின் சுழற்சியால் பிரியும் நிலைகளுக்கு இடையே உள்ளவை) கோட்டகலத்தை ஒட்டியே இருக்கின்றன. இங்கே 'தூரம்' என்ற சாக்கும் கிடையாது. போலரைசேஷனைத் திருப்பினால் அதிர்வெண் நகர்வதை 2011இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டியின் குழு காட்டிவிட்டது.

போலரைசேஷன் கோணத்தைக் குறித்து வைக்காதது

குறியுங்கள். டிடெக்டர் இருந்த இடத்தையும்.