டேப்லெட்டை ராஸ்பெர்ரி பைக்குத் திரையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி போர்டை வாங்கிய பலரிடம் தனி மானிட்டர் இருப்பதில்லை, டேப்லெட் இருக்கும். அதை ஒயர் போட்டுத் திரையாக்கலாம், நன்றாகவே ஓடும். காசு வீணாவது முதல் கேபிள் வாங்கும்போதுதான்.

ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐ, மறுமுனையில் டைப்-சி உள்ள கேபிளை வாங்கிச் செருகினால் எதுவும் தெரியாது. ஃபோன், லேப்டாப்பிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பத்தான் அந்தக் கேபிள். பெரும்பாலான டேப்லெட்டுகளின் டைப்-சி போர்ட் படத்தை உள்ளே வாங்காது. லெனோவோ யோகா டேப் 13 போல மிகச் சிலவற்றில்தான் படம் வாங்கும் ஹெச்டிஎம்ஐ போர்ட் உண்டு. பை 4, பை 5 போர்டுகளின் டைப்-சியிலும் படம் வராது. அது மின்சாரத்துக்கும் டேட்டாவுக்கும்தான்.

அப்படியானால் வழி இரண்டு. ஒன்று, ஹெச்டிஎம்ஐ கேப்சர் கார்டு. பையின் படத்தை டேப்லெட்டுக்கு ஒரு வெப்கேம் படம்போல இது காட்டும். ஆண்ட்ராய்டில் ஓடிஜி வசதியும் (யூஎஸ்பி சாதனங்களை டேப்லெட்டில் செருகிப் பயன்படுத்துவது) யூஎஸ்பி கேமரா செயலியும் வேண்டும். ஐபேடில் டைப்-சி போர்ட்டும் ஐபேட்ஓஎஸ் 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும் வேண்டும். பெட்டியில் 4கே என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். விலை குறைந்த கார்டுகள் 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொண்டு 1080பி அளவில்தான் வெளியே தரும், அதுவும் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம். மவுஸ் கொஞ்சம் பின்தங்கியே நகரும். பையின் திரை அளவை 720பிக்குக் குறைத்துப் பாருங்கள், இழுவை குறையலாம். தொடுதிரையும் இதில் வேலை செய்யாது, கீபோர்டும் மவுஸும் பையிலேயே இருக்க வேண்டும்.

கார்டுக்கான கேபிளிலும் கவனம் வேண்டும்: பை 4, 5 போர்டுகளுக்கு மைக்ரோ ஹெச்டிஎம்ஐ கேபிள், பை ஜீரோவுக்கு மினி. பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாற்றி வாங்கிவிடுவோம். 4, 5 இரண்டிலும் மின்சார போர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஹெச்டிஎம்ஐயில் செருகுங்கள்.

இரண்டாவது வழி, யூஎஸ்பி கேபிளையே நெட்வொர்க் ஆக்கி, வேறொரு கணினியின் திரையைப் பார்த்து இயக்க உதவும் விஎன்சி செயலியில் பையின் டெஸ்க்டாப்பைத் திறப்பது. தொடுதிரை முழுதாக வேலை செய்யும் என்பதால் அன்றாடப் பயன்பாட்டுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். ஐபேட் என்றால் பை 4இன் டைப்-சி போர்ட்டைக் கேட்ஜெட் முறைக்கு (பையே ஒரு யூஎஸ்பி சாதனம்போல ஐபேடில் இணைவது) மாற்றி, மின்சாரம், நெட்வொர்க் இரண்டையும் ஒரே கேபிளில் முடிக்கலாம். ஆண்ட்ராய்டு என்றால் டேப்லெட்டில் யூஎஸ்பி டெதரிங்கை (நெட்வொர்க்கை யூஎஸ்பி கேபிள் வழியே பகிர்வது) போட்டு, பையின் சாதாரண யூஎஸ்பி போர்ட்டில் கேபிளைச் செருகுவது எளிது. வைஃபை மட்டும் உள்ள சில டேப்லெட்டுகளில் டெதரிங் இருக்காது, செட்டிங்ஸில் முதலில் பார்த்துவிடுங்கள்.

இந்த வழியில் சறுக்குவது மூன்று இடங்களில். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா கம்பியே கிடையாது, என்ன செய்தாலும் இணைப்பு வராது. பை ஜீரோவிலும் இதே சிக்கல்தான்: பிடபிள்யூஆர் என்று எழுதிய போர்ட்டில் டேட்டா போகாது, யூஎஸ்பி என்று எழுதியதில் செருக வேண்டும். அடுத்தது, கேட்ஜெட் முறைக்காக நாம் திருத்தும் சிஎம்டிலைன் (cmdline.txt) கோப்பு, பை பூட் ஆகும்போது படிக்கும் அமைப்புகள் இதில்தான் இருக்கும். அதில் உள்ளது எல்லாமே ஒரே வரியில் இருந்தாக வேண்டும். புதிதாகச் சேர்ப்பதை ஒரு இடைவெளி விட்டு அதே வரியில் எழுதுங்கள், என்டர் தட்டினால் பை பூட் ஆகாமல் போகலாம். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் 2023இல் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து இந்தக் கோப்பு பூட் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் என்ற ஃபோல்டரில் இருக்கிறது, பழைய வழிகாட்டிகள் சொல்லும் இடத்தில் தேடாதீர்கள்.

மூன்றாவது மின்சாரம். பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் சார்ஜரும், பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் சார்ஜரும் பரிந்துரைக்கப்படுகின்றன. ஐபேட் ப்ரோ பை 4ஐத் தாங்கும், ஆனால் பை 5ஐ டேப்லெட் மின்சாரத்தில் ஓட்ட வேண்டாம். திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்தும் ஓட்டினால் வேகம் குறையும், திடீரென்று அணைந்தால் எஸ்டி கார்டில் உள்ளதும் கெடலாம்.

விஎன்சியில் பை முழுதாகப் பூட் ஆன பிறகுதான் படம் வரும். பாதியில் நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று டேப்லெட்டில் ஒரு எழுத்தும் தெரியாது. அதனால் தினமும் விஎன்சியே போதும் என்றாலும், விலை குறைந்த ஒரு கேப்சர் கார்டையும் மேஜையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.