ரோல்பிளேயில் ஒரு நாடு அழியும்போது: வீழ்ச்சியை நடத்துவதும் நினைவுக் குறிப்பு எழுதுவதும்

ஆளுக்கொரு கற்பனை நாட்டை வைத்து, இணையத்தில் மாறி மாறி எழுதிக் கதையாக ஆடும் ரோல்பிளேயில் ஒரு நாட்டைக் கட்டியெழுப்ப மாதக்கணக்கில் ஆகும். கொடி, வரைபடம், அரச வம்சம், நாணயம், பக்கத்து நாட்டோடு போட்ட மீன்பிடி ஒப்பந்தம் என ஒவ்வொன்றும் யாரோ உட்கார்ந்து யோசித்தது. ஆனால் அழிவு பெரும்பாலும் ஒரே ராத்திரியில், இரண்டு பேர் மாறி மாறிப் போடும் நாலைந்து போஸ்டில் முடிந்துவிடுகிறது. அப்படிப் போன நாட்டைப் பற்றிப் பிறகு உருப்படியாக ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றும் இருக்காது. நல்ல நினைவுக் குறிப்பு வேண்டுமென்றால் அதற்கான வேலையை நாடு விழுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

முதலில், நாடு ஏன் போகிறது?

காரணத்தைப் பொறுத்து வேலை மாறும். ஆடுபவர் குழுவை விட்டு விலகுகிறார் என்றால் அது விடைகொடுத்தல்; ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். கதை தானாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தால் மூன்று வாரம் ஒதுக்குங்கள். குழு ஆடும் சர்வர் முழுவதற்கும் மேப்பை மாற்றப்போகிறார்கள் என்றால் எல்லா நாடுகளுக்கும் ஒரே பேரழிவைக் கொடுக்காதீர்கள். பத்து நாடும் ஒரே எரிகல்லில் போனால் எந்த ஒன்றின் இழப்பும் யார் மனதிலும் நிற்காது.

மென்பொருள் விதியால் மறைவது வேறு கணக்கு. 2002இல் தொடங்கிய நேஷன்ஸ்டேட்ஸ் என்ற இணைய நாட்டு விளையாட்டில் 28 நாள் உள்ளே நுழையாவிட்டால் நாடு இல்லாமல் போகும். விடுமுறை நிலையில் வைத்திருந்தால் 60 நாள். அது ஒரு கணக்கு காலாவதியாவது மட்டுமே. கதையிலும் அந்த நாடு விழுந்ததா என்பதைக் குழு தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். பேசாமல் விட்டால் ஒருவர் அதைப் பாலைவனம் என்று எழுதுவார், இன்னொருவர் அதே தேதியில் அதன் தூதரோடு விருந்து சாப்பிடுவார்.

ஒப்புதல்

நாட்டை உருவாக்கியவருக்கே கடைசிச் சொல். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கும் படையெடுப்பவருக்கும் அதற்குப் பிறகுதான். ஆனால் பலர் மறந்துவிடுவது, அந்த நாட்டில் கேரக்டர் வைத்திருக்கும் மற்றவர்களை. தலைநகரில் மருந்துக்கடை நடத்தும் ஒரு கேரக்டரை இரண்டு வருடமாக எழுதிவருபவரிடம் கேட்காமல் அந்த நகரத்தைக் கொளுத்தக் கூடாது.

ஆட்டத்துக்கு வெளியே, எழுத்தில், மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். எது அழிகிறது: அரசா, நிலமா, மக்களா? எது உறுதி, எது இன்னும் திறந்திருக்கிறது? யாருடைய கேரக்டரின் சாவை யார் எழுதலாம்? மூன்றாவது கேள்விக்கு ஒரே பாதுகாப்பான விடை, அவரவர் கேரக்டரை அவரவரே எழுதுவது. தாக்குபவர் குண்டு விழுவது வரை எழுதலாம். அது யார்மேல் விழுந்தது என்பதை எழுத வேண்டியவர் அந்த ஊர்க்காரர்.

ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த கோடுகள், திரைகள் என்ற முறை இங்கே நன்றாக உதவும். ஆட்டத்தில் வரவே கூடாதவற்றுக்குக் கோடு. நடக்கலாம், ஆனால் காட்டக் கூடாது என்பவற்றுக்குத் திரை. குழந்தைகளின் சாவு, சித்திரவதை, பாலியல் வன்முறை ஆகியவற்றை ஆரம்பத்திலேயே கோட்டிலோ திரையிலோ வைத்துவிடுங்கள். நடுவில் யாருக்காவது தாங்கவில்லை என்றால் ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் வகுத்த எக்ஸ்-கார்டு முறைப்படி ஒரு எக்ஸ் போட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டு நகர வேண்டும். குழுவில் நிஜமாகவே வீட்டை விட்டு உயிருக்குப் பயந்து ஓடியவர் இருக்கலாம், அவர் அதை யாரிடமும் சொல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் நிஜப் படுகொலைகளின் விவரங்களை அப்படியே எடுத்துக் கதையில் ஒட்டாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறோம்.

காலத்தைக் கட்டுங்கள்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் எழுதும் குழுவுக்கு மூன்று வாரம் சரியாக வரும். முதல் வாரம் அறிகுறிகள்: விலைவாசி, வதந்தி, தூதரகங்கள் காலியாவது. இரண்டாவது வாரம் வீழ்ச்சி. மூன்றாவது வாரம் அதற்குப் பிறகு. மூன்றாவது வாரத்தை வெட்டித்தான் பல குழுக்கள் கெடுத்துக்கொள்கின்றன. போர் முடிந்ததும் எல்லோரும் அடுத்த கதைக்கு ஓடிவிடுவார்கள். நாட்டை இழந்தவர் மட்டும் இடிபாட்டில் தனியாக எழுதிக்கொண்டிருப்பார்.

இன்னொரு பெரிய தொல்லை தேதிக் குழப்பம். ஒரு த்ரெட்டில் (தொடர் போஸ்ட்களின் இழையில்) முற்றுகையின் மூன்றாம் நாள், இன்னொன்றில் நாற்பதாம் நாள், மூன்றாவதில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. வழக்கமாக உங்கள் ஆட்டத்தில் ஒரு வாரம் ஒரு வருடமாக ஓடினாலும், இந்த மூன்று வாரத்துக்கு நிஜ நாள் ஒன்றுக்குக் கதையிலும் ஒரே நாள் என்று பூட்டுங்கள். ஒவ்வொரு போஸ்டின் முதல் வரியிலும் கதைத் தேதியும் இடமும் இருக்கட்டும். ஆட்சேபம் சொல்ல 72 மணி நேரம். அதற்குப் பிறகு அந்தப் போஸ்ட் கேனான், அதாவது கதையில் உறுதியாக நடந்தது; யாரும் ரெட்கான் (நடந்ததைப் பின்னால் மாற்றி எழுதுவது) கேட்கக் கூடாது.

பகடையை எதற்கு உருட்டுவது

நாடு விழும் என்று முடிவான பிறகு விழுமா விழாதா என்று பகடை உருட்டினால் ஆட்டமே பொய்யாகிவிடும். எது தப்பும் என்பதற்கு உருட்டுங்கள். நாட்டை உருவாக்கியவர் பத்துப் பொருள்களைப் பட்டியலிடட்டும்: ஆவணக் காப்பகம், விதைக் கிடங்கு, கடற்படையின் பாதி, ஒரு மொழியின் கடைசி அகராதி, அனாதை இல்லக் குழந்தைகளை ஏற்றிய ரயில் என்று. சுற்றுக்கு ஒன்றாக ஆறு சுற்று. எந்த ஆறைக் காப்பாற்ற முயல்வது என்பது அவர் கையில், ஆகவே நாலு பொருள் பகடை விழும் முன்பே போய்விடும். அந்தத் தேர்வுதான் ஆட்டத்தின் உயிர்.

உருட்டும் முறையை 1988இல் கிறிஸ் எங்கிள் உருவாக்கிய மேட்ரிக்ஸ் கேமின் அடிப்படையில் அமைக்கலாம். ஆடுபவர் என்ன செய்கிறார், ஏன் அது பலிக்கும் என்று காரணம் சொல்கிறார். எதிராளி எதிர்க்காரணம் சொல்கிறார். இரண்டு ஆறுமுகப் பகடையின் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. கதையில் ஏற்கெனவே எழுதப்பட்ட ஒன்றை ஆதாரமாகக் காட்டும் காரணத்துக்கு மட்டும் ஒன்று கூட்டுங்கள், எதிர்க்காரணத்துக்கு ஒன்று கழியுங்கள். எதுவும் கூட்டாமல் வெற்றி வாய்ப்பு சுமார் 58 சதவீதம். நிகரமாக இரண்டு கூடினால் 83, இரண்டு குறைந்தால் 28. ஆகவே காரணங்கள் சமமாக இருந்தால் ஆறில் மூன்று, நான்கு பொருள்கள் மிஞ்சும். எழுத அது போதும், வலிக்கவும் போதும். பழைய போஸ்டிலிருந்து ஆதாரம் காட்டச் சொல்வதற்கு இன்னொரு பலனும் உண்டு: எல்லோரும் அந்த நாட்டின் பழைய த்ரெட்களைத் தேடிப் படிப்பார்கள்.

கணக்கு சரியாக இருக்கட்டும்

ராத்திரியோடு ராத்திரியாக மக்கள் எல்லோரும் கப்பலேறிவிட்டார்கள் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. 20 கப்பல், ஒவ்வொன்றிலும் 1,500 பேர், நாளுக்கு இரண்டு பயணம் என்றால் 60,000 பேர். 30 லட்சம் மக்களை ஏற்ற 50 நாள் ஆகும். துறைமுகம் ஐந்து நாளில் விழுகிறது என்றால் ஏறியவர்கள் 3 லட்சம், மற்றவர்கள் கரையில். இந்தக் கணக்கைப் போட்ட உடனே யார் ஏறுவது என்ற கேள்வி வரும், அங்கிருந்து காட்சிகள் தாமாக வரும். உயிர் தப்பும் பெயருள்ள கேரக்டர்களுக்கும் ஒரு வரம்பு வையுங்கள், ஆளுக்கு இரண்டு. எல்லோருமே தப்பினால் இடம் மாறியது தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

காட்சி எழுதும்போது பெரிய எண்ணை நம்பாதீர்கள். வெண்கரை என்று ஒரு நாடு என்று வைத்துக்கொள்வோம். “வெண்கரை முழுவதும் எரிந்தது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். உலகமே கண்ணீர் விட்டது” என்பதில் வெண்கரைக்கு மட்டுமே உரிய ஒன்றும் இல்லை. இதைப் பாருங்கள்:

“ஆறு மணி ரயில் நேரத்துக்கே வந்தது. ஏற யாருமில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வழக்கம்போல் பச்சைக் கொடி காட்டினார். பிறகு கொடியைச் சுருட்டி, சாவிக்கொத்தோடு சேர்த்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.”

வெண்கரையின் ரயில் ஒருநாளும் தாமதமாகாது என்று ஆரம்பத்தில் யாரோ வேடிக்கையாக எழுதியிருந்தால், அந்த முதல் வாக்கியம் ஒன்றே வாசிப்பவர் நெஞ்சை அடைக்கும். 150 முதல் 300 சொல் போதும்.

ஆவணம்: முதல் வாரத்திலேயே

குழுக்கள் பேசவும் எழுதவும் பயன்படுத்தும் டிஸ்கார்ட் செயலியில் ஒரு சேனலை அழித்தால் அதிலுள்ள செய்திகளை மீட்க வழியில்லை. கோபத்தில் யாராவது அழித்துவிடும் ஆபத்து வீழ்ச்சிக் காலத்தில்தான் அதிகம். சேனல் நிர்வாக உரிமையை அந்த மூன்று வாரத்துக்கு இருவருக்கு மேல் வைக்காதீர்கள். முக்கியப் போஸ்ட்களைத் தேதியோடும் எழுதியவர் பெயரோடும் ஒரு ஆவணக் கோப்பில் நகலெடுங்கள். டிஸ்கார்டில் ஏற்றிய படத்தின் இணைப்பை மட்டும் ஒட்டிவைத்தால் அது சீக்கிரமே காலாவதியாகிவிடும். படத்தையே இறக்கி வையுங்கள். மேப்பைப் பிஎன்ஜி படமாகவும், லேயர்கள் தனித்தனியாகவே இருக்கும் மூலக் கோப்பாகவும் இரண்டு விதமாகச் சேமியுங்கள். எல்லாம் முடிந்ததும் சேனலை அழிக்காமல் செய்தி அனுப்பும் அனுமதியை மட்டும் எடுத்துவிட்டால் படிக்க மட்டும் திறந்திருக்கும்.

நாடு உங்களுடையதாகவே இல்லாத ஆட்டங்களில் ஆவணம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே உரிமை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் 2012இல் தெராமோர் நகரம் போனதும், 2018இல் டெல்ட்ராசில் என்ற மாபெரும் மரமும் அதிலிருந்த நகரமும் எரிந்ததும் அதை நடத்தும் நிறுவனத்தின் முடிவு. அங்கே கேரக்டர்களைக் குடிவைத்து ரோல்பிளே செய்தவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தில் ஜிடோர்மி என்ற பாத்திரத்திடம் பேசினால் அழிவுக்கு முந்தைய நிலப்பரப்புக்குத் திரும்பலாம், அது ஒரு நல்ல ஏற்பாடு. ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற இன்னொரு இணைய விளையாட்டின் முதல் பதிப்பு 2012 நவம்பரில், கதையில் ஒரு சந்திரன் விழுந்து முடிந்தபோது அந்தப் பழைய உலகத்துக்குத் திரும்ப அப்படியொரு வாசல் இல்லை. ஆகவே மூடும் தேதி தெரிந்தவுடன் முக்கியமான இடங்களைப் படமெடுங்கள். வார்கிராஃப்ட்டில் ஆல்ட்-இசட், ஃபைனல் ஃபேன்டஸி 14இல் ஸ்க்ரோல் லாக் அழுத்தினால் திரையிலுள்ள பட்டன்களெல்லாம் மறையும். ஒரே இடத்தை ஒரே கோணத்தில் பகலிலும் இரவிலும் எடுங்கள். காட்சியழகு உள்ள இடத்தை எல்லோரும் எடுப்பார்கள். உங்கள் ஆட்கள் வழக்கமாகக் கூடிய படிக்கட்டை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

நினைவுக் குறிப்பு

வீழ்ச்சி முடிந்த இரண்டாவது நாள் குரல் அழைப்பில் ஒருமுறை கூடுங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், இரண்டு கேள்வி: உங்கள் கேரக்டர் எதை இழந்தது, நீங்கள் எதை இழந்தீர்கள்? மற்றவர்கள் கேட்க மட்டும் செய்யட்டும், பதில் சொல்ல வேண்டாம். கேரக்டரின் துயரம் ஆடுபவருக்குள் கசிவது இயல்பு. இரண்டையும் பிரித்துச் சொல்லவைத்தால் பாதி பாரம் அங்கேயே இறங்கும். எழுதத் தொடங்குவது ஒரு வாரம் கழித்து. சூட்டோடு எழுதினால் வருவது பெரும்பாலும் யார்மீதாவது புகார். அதற்கு நிர்வாகிகளிடம் பேசுங்கள், குறிப்பில் கலக்காதீர்கள்.

இரண்டு வகைக் குறிப்பு உண்டு. ஒன்று கதைக்குள்: நாற்பது வருடம் கழித்துப் பக்கத்து நாட்டு வரலாற்றாசிரியர் எழுதுவது, அகதியின் மகள் சமையல் குறிப்பில் எழுதுவது. இன்னொன்று ஆடியவராக எழுதுவது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் எந்தப் பத்தியில் யார் பேசுகிறார் என்று தெரியாமல் போகும். 500 முதல் 800 சொல்லுக்குள் நிறுத்துங்கள்.

தொடக்கத்துக்கு ஒரு குறிப்பிட்ட பொருள் அல்லது வாக்கியம் போதும். நாட்டின் முழு வரலாற்றைச் சுருக்கத் தேவையில்லை, அது ஆவணத்தில் இருக்கிறது. யார் எதை உருவாக்கினார் என்று சொல்லுங்கள்: கொடி வரைந்தவர், ரயில் அட்டவணை போட்டவர், வில்லனாக ஆட ஒப்புக்கொண்டவர். வில்லனாக ஆடியவரைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். படையெடுப்பைப் பொறுப்போடு எழுதியவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. பெயர் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

அழிந்த நாடு எல்லோருக்கும் இனித்துவிடுகிறது. அதன் சிறைகள், தன் மலைவாழ் மக்களுக்கு அது மறுத்த வாக்குரிமை, துரோகம் செய்த ஒப்பந்தம் எல்லாம் ஒரே மாதத்தில் மறந்துபோகும். அவற்றையும் எழுதுங்கள். குறைகளோடு இருந்ததைத்தான் நீங்கள் நேசித்தீர்கள். ஒரே சம்பவத்தை இருவர் இரண்டு விதமாக நினைவு வைத்திருந்தால் சமரசம் செய்யாமல் அடுத்தடுத்து இரண்டையும் போடுங்கள்.

மேப்பில் அந்த இடம்

வெற்று நிலமாக விட்டால் அடுத்த வாரமே புதிதாக வருபவர் உரிமை கேட்பார். 90 நாளுக்கு அங்கே புது நாடு கிடையாது என்று விதி போடுங்கள். கதையில் உள்ளே நுழைய நாட்டை உருவாக்கியவரின் அனுமதி வேண்டும். அவர் குழுவை விட்டுப் போவதாக இருந்தால் அந்த அனுமதி யாரிடம் போகிறது, அந்த நாட்டின் லோரை (எழுதிவைத்த பின்கதையை) வேறு ஆட்டத்துக்கு அவர் எடுத்துப்போகலாமா என்பதை அப்போதே எழுதி வாங்குங்கள். பழைய கடன்கள், ஒப்பந்தங்கள், அகதிகளின் குடியுரிமை, செல்லாத நாணயம் ஆகிய நான்கையும் தீர்க்க மற்ற நாடுகள் ஒரு மாநாடு நடத்தட்டும். மூன்றாவது வாரத்துக்கு அதுவே போதுமான கதை. நாட்டை இழந்தவருக்கு அந்த மாநாட்டிலேயே ஒரு நாற்காலி கொடுங்கள், நாடுகடந்த அரசின் பிரதிநிதியாகவோ மாநாட்டின் மொழிபெயர்ப்பாளராகவோ. புது நாடு தொடங்க அவரை அவசரப்படுத்த வேண்டாம்.