வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனை எந்தக் கதையிலிருந்து வாசிக்கத் தொடங்குவது?

வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனின் திகில் எழுத்தைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் 1908இல் வெளிவந்த ‘தி ஹவுஸ் ஆன் தி பார்டர்லேண்ட்’ நாவலைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். அது மகத்தான நூல். ஆனால் பாம்பனிலும் மண்டபத்திலும் தொண்டியிலும் கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவருடைய கடல் கதைகளின் வழியாக நுழைவதே நல்லது. 1877இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், பதின்வயதிலேயே வணிகக் கப்பலில் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தவர் என்பதால், அவர் எழுதும் பயத்திற்கு அடியில் கடல்தொழிலின் அனுபவம் எப்போதும் இருக்கிறது.

முதலில் ‘தி வாய்ஸ் இன் தி நைட்’ (1907) என்ற சிறுகதையை, ஒரே அமர்வில், இயன்றால் இரவில் வாசியுங்கள். வட பசிபிக்கில் காற்று விழுந்து அசையாமல் நிற்கும் பாய்க்கப்பலை நோக்கி, நட்சத்திரமில்லாத இருட்டில் ஒரு படகிலிருந்து வரும் குரல் உணவு கேட்கிறது. கப்பலில் இருப்பவர்கள் விளக்கைக் காட்டினாலோ அந்தப் படகு விலகிப் போய்விடுகிறது. கடைசியில் அவர்கள் உணவை ஒரு பெட்டியில் வைத்துத் தண்ணீரில் தள்ளிவிடுகிறார்கள். இருட்டில் எதிர்ப்படும் படகுக்கு வெளிச்சம் எவ்வளவு அவசியம் என்பதை அறிந்த நம் கரை வாசகருக்கு, ஒருவர் வெளிச்சத்துக்கு அஞ்சுவதே போதுமான திகில். காரணத்தைக் கதையே சொல்லட்டும். கதைச்சுருக்கம் எதையும் முன்கூட்டிப் படித்துவிடாதீர்கள்.

அடுத்து, சர்காசம் என்ற பாசி மிதக்கும், அட்லாண்டிக் பெருங்கடலின் ஒரு பகுதியான சர்காசோ கடலின் பாசிப் பரப்பில் சிக்கிய கப்பலைப் பற்றிய ‘ஃப்ரம் தி டைட்லெஸ் சீ’ (1906). மண்டபம் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்கள் கட்டக்கோரை என்று சொல்வதும் அந்தச் சர்காசம் பேரினத்தைச் சேர்ந்ததுதான். மன்னார் வளைகுடாவில் அது பாறையைப் பற்றி வளர்கிறது. சர்காசோ கடலிலோ எதையும் பற்றாமல் மிதந்தபடியே வாழ்கிறது. அறுந்து கரையொதுங்கிய கட்டக்கோரையை எடுத்து, அதன் சிறிய காற்றுக் குமிழ்களை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு இந்தக் கதைக்குப் போங்கள். உண்மையில் கப்பலைச் சிறைபிடிக்கும் வலு அந்தப் பாசிக்கு இல்லை. கைக்கு இவ்வளவு எளியதாகப் படும் ஒன்றை, தப்ப வழியில்லாத ஒரு நிலப்பரப்பாகவே அவர் வளர்த்தெடுத்திருப்பதை அப்போது நன்றாக உணர முடியும்.

இவ்விரண்டும் பிடித்திருந்தால் ‘தி கோஸ்ட் பைரேட்ஸ்’ (1909) நாவலுக்குச் செல்லலாம். அவருடைய நாவல்களில் கட்டுக்கோப்பு மிகுந்தது இதுவே என்பது என் கருத்து. பாய்மரங்களையும் கயிறுகளையும் குறிக்கும் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டினால் கதையின் ஓட்டம் அறுந்துவிடும். மூன்று பாய்மரம் கொண்ட கப்பலின் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாலுமி எந்த உயரத்தில் நிற்கிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும். ‘தி போட்ஸ் ஆஃப் தி க்ளென் காரிக்’, ‘பார்டர்லேண்ட்’ ஆகியவற்றோடு சேர்ந்து இது மூன்றாவது நூல் என்று அவரே முன்னுரையில் எழுதியிருந்தாலும், கதைகள் தொடர்ச்சியானவை அல்ல. வரிசை மாறுவதால் இழப்பில்லை.

அதன்பின் ‘பார்டர்லேண்ட்’. பன்றி உருவங்களின் முற்றுகையாகத் தொடங்கி, காலமே விரைந்தோடிச் சூரியன் அணைந்துபோகும் தொலைவுவரை செல்லும் அந்த நூலை இப்போது அவசரமில்லாமல் வாசிக்கலாம். பேய்களைத் துப்பறியும் கார்நாக்கியின் கதைகளில் ‘தி விஸ்லிங் ரூம்’ ஒன்றை முதலில் பாருங்கள். மற்றவை ஏற்ற இறக்கமானவை.

ஹாட்ஜ்சன் 1918இல் முதல் உலகப்போரில் கொல்லப்பட்டார். அவருடைய படைப்புகளின் காப்புரிமை முடிந்துவிட்டதால், நான் சொன்ன நாவல்கள் எல்லாம் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கைப்பேசியிலேயே வாசிக்கலாம். செயற்கையான பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ‘தி நைட் லேண்ட்’ (1912) என்ற மிக நீண்ட நாவலைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். அதன் நடை முதல் இரண்டு அத்தியாயங்களில் உங்களுக்கு ஒட்டவில்லை என்றால், தயங்காமல் விட்டுவிடலாம்.