அயனிப் பொறி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னூட்டம் கொண்ட அணுக்களை (அயனிகளை) வெற்றிடத்தில் மின்புலத்தால் பிடித்து நிறுத்துவதே அயனிப் பொறி. குவாண்டம் கணினிக்காக அதை முதன்முறையாக வடிவமைப்பவர்கள், மின்முனைகளைக் கணினியில் வரைந்து, மின்புலத்தைக் கணக்கிட்டு, அந்தப் படத்தின் நேர்த்தியிலேயே நிறைவடைந்துவிடுவதுண்டு. அந்தக் கணக்கில் மின்முனை மாசற்ற உலோகம். ஆய்வகத்திற்கு வந்துசேரும் சில்லோ அப்படிப்பட்டதல்ல.

வடிவமைப்பில் நேரும் தவறுகளில் மிகவும் விலை கொடுக்க வைப்பது, அயனியை மேற்பரப்புக்கு அளவுக்கு மீறி நெருக்கமாக நிறுத்துவது. நெருங்க நெருங்கக் குறைந்த மின்னழுத்தத்திலேயே இறுக்கமான பிடிப்பு கிடைப்பதால் இந்த ஆசை எழுவது இயல்புதான். ஆனால் மேற்பரப்பிலிருந்து எழும் மின்புல இரைச்சல் அயனியைச் சூடாக்கும் வேகம், தொலைவின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் கூடுகிறது. 100 மைக்ரோமீட்டர் தொலைவை 50 ஆகக் குறைத்தால் அது சுமார் 16 மடங்காகும். இரண்டு அயனிகளைப் பிணைக்கும் வாயில்கள் (குவாண்டம் கணிப்பின் அடிப்படைச் செயல்கள்) அவற்றின் கூட்டு அசைவையே நம்பியிருப்பதால், இந்தச் சூடு நேராகக் கணிப்பின் பிழையாக மாறுகிறது. பொறியை 4 கெல்வின் அளவுக்குக் குளிர்விப்பதும், மின்முனைகளை ஆர்கான் அயனிகளால் சுத்தம் செய்வதும் பெரிதும் உதவும். எனினும் அவற்றை நம்பித் தொலைவைக் குறைப்பது சரியன்று.

அடுத்தது, மின்கடத்தாப் பரப்பை அயனியின் பார்வையில் படும்படி விடுவது. கால்சியம் அயனியைக் குளிர்விக்கும் 397 நானோமீட்டர் லேசர் ஒளி அங்கே பட்டால் மின்னூட்டம் சேர்ந்து, அயனி தன் இடத்திலிருந்து நகர்ந்து நுண்ணசைவுக்கு (பொறியின் ரேடியோ மின்புலம் அதை விடாமல் ஆட்டும் சிறு அசைவுக்கு) ஆளாகும். இதைத் தவிர்க்க லேசரை இறுக்கமாகக் குவித்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள்; உண்மை நேர்மாறானது. 5 மைக்ரோமீட்டர் ஆரத்திற்குக் குவித்த கற்றை, 2.5 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் சில்லின் விளிம்பில் 60 மைக்ரோமீட்டருக்கு மேல் விரிந்து பரப்பில் மோதும். 20 மைக்ரோமீட்டருக்குக் குவித்ததோ அங்கே 25-ஐ ஒட்டியே நிற்கும்.

அயனியைப் பிடித்து வைக்கும் ரேடியோ மின்னழுத்தத்தின் அலைவெண்ணை எளிதாகக் கூட்டிவிடவும் கூடாது. அதை இரட்டித்துவிட்டு, பிடிப்பின் ஆழம் குறையாதிருக்க மின்னழுத்தத்தையும் இரட்டித்தால், சில்லில் வீணாகும் திறன் 16 மடங்காகும்.

சென்னையில் இதைச் செய்பவர்கள் உதிரிப் பாகங்களிலும் கவனமாக இருக்க வேண்டும். ரிச்சி தெருவில் வாங்கும் கனெக்டரிலும் கெப்பாசிட்டரிலும் காந்தத்தன்மை கொண்ட நிக்கல் பூச்சு இருக்கக்கூடும். ஒரு சிறு காந்தத்தை அருகில் காட்டினாலே தெரிந்துவிடும் இதைப் பார்க்காமல் பொருத்திவிட்டு, பிறகு காந்தப்புல அலைவுக்குக் காரணம் தேடுவது வீண்வேலை. அம்பத்தூர் பட்டறையில் கடைந்து வரும் பாகங்களில் வெட்டு எண்ணெய் சிறிதும் எஞ்சக் கூடாது. கடலோர ஈரக்காற்றில், பொறி இருக்கும் வெற்றிடக் கலனைத் திறந்தால் சுவரெங்கும் நீராவி படியும் என்பதால், திறக்கும்போது உலர்ந்த நைட்ரஜனை நிரப்ப வேண்டும். பின்னர் அந்த நீரை வெளியேற்றி 10⁻¹¹ மில்லிபார் அளவை எட்டக் கலனைப் பல நாள் சூடாக்க வேண்டியிருப்பதால், சில்லை ஒட்டும் பசையும் சாலிடரும் எத்தனை டிகிரி தாங்கும் என்பதை வரைபடம் போடும் கட்டத்திலேயே கேட்டறிந்துவிட வேண்டும்.