நினைவுநூலுக்கு எதிர்வினை எழுதும்போது வன்னி வாசகர் விடும் பிழைகள்

பேராசிரியராகவோ பத்திரிகையாளராகவோ பெயர் எடுத்த ஒரு சிந்தனையாளர் தன் நினைவுகளை நூலாக்கினால், அது இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வந்து சேர்ந்தவுடன் முதலில் புரட்டப்படுவது 1995க்கும் 2009க்கும் இடைப்பட்ட போர்க்காலப் பக்கங்கள்தான். அதில் பிழையில்லை. அந்த நாற்பது ஐம்பது பக்கத்தோடு நூலை மூடிவிட்டு முழு நூலுக்கும் பதில் எழுத உட்காருவதுதான் பிழை. சிந்தனையாளர் ஒருவரின் பிற்கால நிலைப்பாட்டுக்கு வேர் முற்பகுதியில் கிடக்கும்: எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கட்சி, யாரோடு முறித்துக்கொண்டார், யாரிடம் வேலை பார்த்தார். 1970களில் அவர் எதை நம்பினார் என்று தெரியாமல் 1990களில் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டால் அவர் ஏற்புரையில் ஒரு சிரிப்போடு கடந்துபோய்விடுவார்.

இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை நிறுத்தாமல். உறுத்துகிற இடத்தின் பக்க எண்ணை மட்டும் ஒரு துண்டில் குறித்தால் போதும். இரண்டாம் தடவை குறித்த பக்கங்களையும் அவற்றுக்கு முன்பின் இரண்டு பக்கங்களையும். அப்போது கொப்பித் தாளில் நான்கு நிரல் போட்டுக்கொள்ளுங்கள்: பக்கம்; நூலில் உள்ள வசனம்; அது அவர் கண்டதா, கேட்டதா, வாசித்ததா; எனக்குத் தெரிந்தது என்ன, எப்படித் தெரியும். மூன்றாம் நிரலை விட்டுவிடுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

"ஐயா அந்த நேரம் எங்க நிண்டவர்?" என்பது வன்னியில் எந்த நூலுக்கும் எழும் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் எல்லா வரிக்கும் பொருந்தாது. 2009இல் கொழும்பிலோ லண்டனிலோ இருந்தவர், போரின் கடைசி மாதங்களில் சனங்கள் சிக்கியிருந்த மாத்தளன் பற்றி "தொலைபேசியில் சொன்னார்கள்" என்று எழுதியிருந்தால் அந்த வரியைக் கேள்வி தொடாது. அதே அத்தியாயத்தில் பதுங்குகுழிக்குள் இருந்து பார்த்தவர்போல, யார் சொன்னது என்ற சுவடே இல்லாமல் இரண்டு பந்தி எழுதியிருந்தால், அங்கேதான் அதைக் கேட்க வேண்டும். பக்க எண்ணோடு கேட்டால் அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். பொதுவாகக் கேட்டால் வசையாகப் போய்விடும்.

அடுத்தது திகதித் திருத்தம். அந்த இடத்தில் நின்றவர் என்ற பலம் வன்னி வாசகருக்கு உண்டு. அதைச் சோதிக்காமல் பாவிப்பதால் எழுத்தாளரிடம் இருந்த பிழையைவிடப் பெரிய பிழை திருத்தத்தில் வந்துவிடுகிறது. பல இடப்பெயர்வுகளைக் கண்டவர்களின் மனத்தில் இரண்டு சம்பவங்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்வது வழமை. கிளிநொச்சி நகரை இராணுவம் பிடித்தது 1996 செப்ரெம்பரில் ஒரு தடவை, 2009 ஜனவரி 2இல் இன்னொரு தடவை. மடுத் தேவாலய வளாகத்தில் எறிகணை விழுந்து மக்கள் இறந்தது 1999 நவம்பரில். மாதாவின் சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது 2008 ஏப்ரலில். இரண்டையும் ஒரே வருடத்துக்குள் போட்டு நூலாசிரியரைத் திருத்தப் புறப்படுபவர்கள் உண்டு. "இடப்பெயர்வுக்குப் பிறகு" என்று நூலில் வந்தால் இன்னும் கவனம்: யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி எழுத்தாளர் கையில் அது பெரும்பாலும் அங்கிருந்து சனங்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறிய 1995 ஒக்டோபர் 30. வன்னி வாசகர் அதை 2008 என்று எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் மறுப்பு எழுதிவிடுவார்.

உங்கள் நினைவை முதலில் அசையாத சில திகதிகளோடு கட்டிப் பாருங்கள். முல்லைத்தீவு இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது 1996 யூலை. ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியது 1997 மே. யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி திறந்தது 2002 ஏப்ரல். சுனாமி 2004 டிசெம்பர் 26. அந்த வீதியின் முகமாலைச் சோதனைச்சாவடி மூடப்பட்டது 2006 ஆகஸ்ட். இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பர். நீங்கள் நினைக்கிற சம்பவம் இவற்றில் எதற்கு முன், எதற்குப் பின் என்று சொல்ல முடிந்தால் வருடம் தானாக வரும். முடியாவிட்டால் திகதியைத் திருத்தாமல் "பாதை பூட்டியிருந்த காலம் என்று நினைக்கிறேன்" என்று எழுதுவது போதும். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத்தளத்தில் பழைய நாளிதழ்களும் சஞ்சிகைகளும் கிடக்கின்றன. பார்க்கும்போது ஒரு சின்ன விடயம்: நாளிதழின் திகதி பெரும்பாலும் சம்பவத்துக்கு அடுத்த நாள். போக்குவரத்துத் தடைபட்ட காலங்களில் இன்னும் பிந்தும்.

இடப்பெயரிலும் எல்லையிலும் அவசரத் திருத்தம் வேண்டாம். 1960களைப் பற்றி எழுதும் ஒருவர் "யாழ்ப்பாண மாவட்டத்துக் கிளிநொச்சி" என்றால் அது யாழ்ப்பாணத் திமிர் என்று பாயக் கூடாது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். அதேபோல் தேர்தல் பற்றிய அத்தியாயத்தில் "வன்னி மாவட்டம்" என்று வந்து கிளிநொச்சியைக் காணவில்லையென்றால் அவர் மறந்துவிட்டார் என்று எழுதாதீர்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் இருப்பவை மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. புதுக்குடியிருப்பு என்று கண்டவுடன் முல்லைத்தீவு என்று முடிவெடுக்கவும் வேண்டாம், மட்டக்களப்பிலும் ஒன்று இருக்கிறது.

எழுதாமல் விட்டதைப் பற்றி எழுதுவதுதான் கடினமான பகுதி, அதிகம் கெட்டுப்போகிற பகுதியும் அதுதான். எல்லா மௌனமும் ஒரே தரம் அல்ல. உ.வே.சாமிநாதையர் ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக எழுதிய தன்வரலாறு 1942இல் அவர் மறைந்ததோடு நின்றுபோனது. நூலாக வந்தது 1950இல். அவருடைய கடைசி நாற்பது வருடங்கள் அதில் இல்லை என்பதற்காக யாரும் அவரை மழுப்பினார் என்று சொல்வதில்லை. ஆகவே முன்னுரையையும் அட்டையின் உட்புறத்தையும் பார்த்து நூல் எந்த ஆண்டுவரை பேசுவதாகச் சொல்கிறது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். எல்லைக்கு வெளியே உள்ளதைக் கேட்டால் அது நூல் பற்றிய கேள்வி அல்ல. எல்லைக்குள்ளே இருந்தும் வராதது வேறு. 1990 முழுவதும் மன்னாரிலோ முல்லைத்தீவிலோ கடமையாற்றியவர் அந்த ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதை ஒரு வரியிலும் சொல்லாமல் அந்த ஆண்டின் இலக்கியக் கூட்டங்களை மூன்று பக்கம் எழுதியிருந்தால், அந்த மூன்று பக்கத்தையும் எண்ணோடு காட்டிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

மூன்றாவது வகை மௌனம் வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். நூல் முழுக்க "நான் எழுதினேன், நான் எதிர்த்தேன், நான் சந்தித்தேன்" என்று வந்துகொண்டிருப்பவர் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் மட்டும் "அக்குழு கலைக்கப்பட்டது", "சிலர் விலக நேர்ந்தது" என்று மாறுவார். கலைத்தது யார்? விலக்கியது யார்? அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முந்திய பக்கத்தின் "நான்" வினைகளோடு அருகருகே வைத்துக் காட்டினால் இருநூறு சொல்லில் ஒரு நல்ல எதிர்வினை முடிந்துவிடும். வசைச்சொல் ஒன்றும் தேவைப்படாது.

நினைவு வேறு, அந்நேரத்து எழுத்து வேறு என்பதையும் பலர் கலக்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃப் குடியேற்ற அரசின் அதிகாரியாக யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1905இல், மன்னாரின் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பை மேற்பார்த்தது 1906இல். அந்த ஆண்டுகளின் நினைவுநூலை வெளியிட்டது 1961இல். அந்நாட்களில் நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களும் அச்சில் இருப்பதால், எண்பது வயதுக் கை எந்த இடத்தில் இருபத்தைந்து வயதுக் கையைத் திருத்தியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. நம் சிந்தனையாளர்களும் ஐம்பது வருடம் சஞ்சிகைகளில் எழுதியவர்கள். பழைய கட்டுரையைத் தேடி எடுக்காமல் "அப்ப ஒண்டு சொன்னார், இப்ப ஒண்டு சொல்லுறார்" என்றால் அது வதந்தி. மாதமும் ஆண்டும் பக்கமும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஆதாரமாகும்.

பெயர் விடயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. நூலில் "க." என்றோ புனைபெயரிலோ வருபவரை "இது எங்கட ஊர் இன்னார்தான்" என்று முகநூலில் அவிழ்த்துக் காட்டுவது வாசிப்புத் திறமை அல்ல. அந்த ஆள் உயிரோடு இருக்கலாம், பாதுகாப்புக்காகவே பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் இன்னும் பாரதூரம். அவர்களுடைய உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காகத் தொடர்ந்தது. மரணச் சான்றிதழை ஏற்க மறுத்து நிற்கும் தாய்மார் அதில் இருக்கிறார்கள். எதிர்வினையில் ஒருவரைப் போகிறபோக்கில் "அமரர்" என்று எழுதும் முன் அந்தக் குடும்பம் அவரை எப்படிக் குறிப்பிடுகிறது என்று கேட்டறியுங்கள். தெரியாவிட்டால் கடைசியாக எங்கே, எப்போது காணப்பட்டார் என்று நூல் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேற்கோளைப் பற்றிச் சுருக்கமாக: பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் விட்டால் கடைசி வரிக்குப் பின் அடுத்த பக்கத்தில் வரும் "ஆனால்" வெட்டுப்பட்டுவிடும். முன்பின் ஒவ்வொரு வசனத்தையும் சேர்த்தே எடுங்கள், பதிப்பு ஆண்டையும் போடுங்கள்.

"வன்னி மக்கள் சார்பில்" என்று தொடங்கும் எதிர்வினையை நூலாசிரியர் ஒரு கேள்வியில் உடைத்துவிடலாம்: எந்த வன்னி? முள்ளியவளை, ஒட்டுசுட்டானில் தலைமுறைகளாக இருப்பவர்களா, இரணைமடுக் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிய குடும்பங்களா, 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கூலிக்கு வயல் செய்தவர்களா, கடற்கரைச் சனங்களா? "குடியேறியவர்கள்" என்று நூல் ஒரே சொல்லில் கடந்துபோன இடத்தைப் மலையகத்தவர் குடியேறிய பாரதிபுரத்து வாசகரும் யாழ்ப்பாணத்தவர் குடியேறிய வட்டக்கச்சி வாசகரும் ஒரே மாதிரி வாசிக்க மாட்டார்கள். நீங்கள் எந்த ஊர், எந்தக் காலம் முதல் என்று ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு உங்களுக்காக மட்டும் பேசினால் சொல்லுக்குக் கனம் கூடும்.

அதற்காக முழுக் கதையையும் அவிழ்த்துவிடக் கூடாது. எண்ணூறு சொல் எதிர்வினையில் சொந்த அனுபவம் இருநூறைத் தாண்டினால் அதைத் தனியாகச் சாட்சியமாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அந்த மதிப்பு உண்டு. அறிமுக விழாவில் பேசுவதானால் இன்னும் குறுக்க வேண்டும். முதல் இரண்டு பேச்சாளர்களும் நூற்சுருக்கத்தைச் சொல்லி முடித்திருப்பார்கள், மணி அடிக்க ஐந்து நிமிடம்தான். ஒரு பக்கம், ஒரு வசனம், ஒரு கேள்வி. கேள்வியைத் தாளில் எழுதி ஏற்புரைக்கு முன் தலைவரிடம் கொடுத்துவிட்டால் அது காற்றில் போகாது.

தகவல் பிழை திருத்தங்களை விமர்சனத்தோடு கலக்காமல் தனிக் கடிதமாக அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கம், வரி, அச்சில் உள்ளது, இருக்க வேண்டியது, ஆதாரம். கருத்து ஒன்றும் சேர்க்க வேண்டாம். நம் நூல்கள் பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அச்சாவதால் இரண்டாம் பதிப்புக்கு வருடங்கள் ஆகலாம். அதனால் கடிதத்தின் பிரதி ஒன்றை உங்கள் ஊர் நூலகரிடம் கொடுத்து, நூலகத்துப் பிரதியின் பின்னட்டைக்குள் ஒட்டி வைக்கக் கேளுங்கள்.